கரண்ட் போன அந்தப் பத்து மில்லிசெக்கன்

களுவாஞ்சிக்குடியிலிருந்து உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சேர், அக்காவின் கந்தோர் கம்பியூட்டருக்கு வைத்திருந்த 650 விஏ யூபிஎஸ்ஸை என் கேமிங் கம்பியூட்டருக்கு மாட்டினேன். கரண்ட் போனதும் 'டிக்' என்றது. அடுத்த கணமே நீளமாகக் கத்திவிட்டு எல்லாம் நின்றுவிட்டது. அக்காவிடம் இருந்தபோது இருபது நிமிடம் தாங்கியதே, பழுதாகிவிட்டதா?"

பழுதாகவில்லை தம்பி. யூபிஎஸ் என்பது கரண்ட் போனதும் பற்றரியிலிருந்து மின் தரும் பெட்டி. அந்த 'டிக்' சத்தத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் விடை தானாக வரும்.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம் (ஏசி). ஒரு அலை முடிய 20 மில்லிசெக்கன். வாடைக் காற்றில் தென்னோலை கம்பியில் விழுந்து கரண்ட் போகிறது என்று வையுங்கள். யூபிஎஸ் முதலில் அதை உணர வேண்டும், பிறகு உள்ளேயுள்ள ரிலே மறுபக்கம் தட்ட வேண்டும் (நீங்கள் கேட்ட 'டிக்' அதுதான்), அதன் பிறகே பற்றரி கைகொடுக்கும். சாதாரண யூபிஎஸ்ஸில் இதற்கு 10 மில்லிசெக்கன் வரை பிடிக்கும். அந்த நேரத்தில் கம்பியூட்டருக்கு எங்கிருந்தும் மின் வரவில்லை. ஆனாலும் அது அணையவில்லை. ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வகுப்பில் காட்டுவதற்காகக் கம்பியூட்டரின் பழுதான பவர் சப்ளை ஒன்றைக் கழற்றி வைத்திருக்கிறேன். தையல் நூற்கட்டை அளவில், கறுப்பு உறை போட்ட ஒரு கொள்ளளவி (மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் கப்பாசிற்றர்) அதில் நிமிர்ந்து நிற்கும். பக்கத்தில் '470 மைக்ரோபரட், 400 வோல்ற்று' என்று எழுதியிருக்கும். (நீங்கள் கழற்றிப் பார்க்காதீர்கள். வயரைப் பிடுங்கிய பிறகும் அதில் ஆளைக் கொல்லும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம்.) சுவரிலிருந்து வரும் ஆடலோட்டத்தைப் பவர் சப்ளை முதலில் ஏறத்தாழ 390 வோல்ற்று நேரோட்டமாக (டிசி) உயர்த்தி இந்தக் கொள்ளளவியில் நிரப்புகிறது. கம்பியூட்டருக்குத் தேவையான 12 வோல்ற்றை அதிலிருந்துதான் இறக்கி எடுக்கிறது. 12 போதுமென்றால் 390 வரை ஏன் ஏற வேண்டும்? கொள்ளளவியில் நிற்கும் சக்தி வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு விகிதசமன். அதே கொள்ளளவியை 12 வோல்ற்றில் நிரப்பினால் கிடைப்பதைவிட 390இல் ஆயிரம் மடங்கு சக்தி கிடைக்கும். ½CV² (C கொள்ளளவம், V வோல்ற்றளவு) போட்டுப் பாருங்கள், 36 யூல் வரும். ஒரு கிலோ அரிசியை மூன்றரை மீற்றர் உயரத்துக்குத் தூக்கும் சக்தி.

இப்போது கம்பியூட்டர் 300 வாற்று இழுக்கிறது என்போம். 10 மில்லிசெக்கனில் செலவாவது 3 யூல்தான். கொள்ளளவி 390இலிருந்து 373 வோல்ற்றுக்கு இறங்கும், அவ்வளவுதான். விளையாட்டில் ஒரு பிரேம்கூடத் தடுமாறாது. அதாவது நம்மைக் காப்பாற்றும் முதல் யூபிஎஸ் கம்பியூட்டருக்குள்ளேயே இருக்கிறது!

அப்படியென்றால் உங்கள் கம்பியூட்டர் நின்றது 'டிக்' கேட்ட இடைவெளியில் அல்ல, அதற்கு அடுத்த கணத்தில். மலிவான யூபிஎஸ் பற்றரியிலிருந்து தருவது வழவழப்பான சைன் அலை அல்ல. படிக்கட்டு மாதிரி ஏறி, இறங்கி, நடுவில் பூச்சியத்தில் சற்று நிற்கும் அலை. இன்றைய பவர் சப்ளையில் வோல்ற்றளவின் வடிவத்தைப் பார்த்து அதே வடிவத்தில் மின்னோட்டத்தை இழுக்கும் ஒரு சுற்று உண்டு. பூச்சியத்தில் நிற்கும்போது அதற்கு இழுக்க ஒன்றுமில்லை. படி திடீரென ஏறும்போது விட்டதையெல்லாம் சேர்த்து அவக்கென்று இழுக்கும். எல்லாப் பவர் சப்ளையும் இதில் தடுமாறாது, சில தடுமாறும். அக்காவின் கம்பியூட்டர் இழுத்தது 80 வாற்று அளவில் இருந்திருக்கும், அதன் துள்ளலும் சின்னது. உங்களுடையதில் ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் அது மட்டுமே 170 வாற்று. 650 விஏ என்று பெரிதாக எழுதிய பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், 360 அல்லது 390 வாற்று என்று சின்ன எழுத்தில் இருக்கும். விஏ என்பது வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கிய எண், பெட்டி உண்மையில் தரக்கூடியது அந்த வாற்றுதான். அந்த எல்லையை ஒரு துள்ளல் தாண்டினாலே யூபிஎஸ் தன்னைக் காக்க நின்றுவிடும்.

பற்றரிக்கு வருவோம். உள்ளே பெரும்பாலும் 12 வோல்ற்று, 7 அம்பியர்மணி ஈய-அமிலப் பற்றரி ஒன்றுதான். அந்த 7 என்பது 20 மணி நேரம் மெதுவாக, 0.35 அம்பியரில் எடுத்தால் கிடைப்பது. கேமிங் கம்பியூட்டருக்கு அதிலிருந்து 30, 35 அம்பியர் போகும், கிட்டத்தட்ட நூறு மடங்கு. தகட்டின் மேற்பரப்பில் ஈய சல்பேற்று படிந்து துளைகளை அடைக்க, உள்ளே அமிலம் போய்ச் சேர நேரம் இராது. பாதிச் சக்தி உள்ளே இருக்கும்போதே பற்றரி படுத்துவிடும். ஜெர்மானியர் பொய்கெர்ட் 1897இலேயே இதைச் சூத்திரமாக எழுதிவிட்டார். 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பதால், வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேசைக்கடியில் மூடி வைக்காதீர்கள். சீமெந்துத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று பெரியவர்கள் சொல்வது மரப்பெட்டிப் பற்றரிக் காலத்துக் கதை. இன்றைய பிளாஸ்ரிக் உறைக்கு அது பொருந்தாது, இருந்தும் கடைக்காரரே அதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு வருத்தமும் உண்டு. லித்தியம் பற்றரியின் எதிர்முனை பெரும்பாலும் காரீயத்தால் (ஈயம் அல்ல, பென்சிலில் வரும் கிராபைற்று) ஆனது. உலகிலேயே மிகத் தூய இயற்கைக் காரீயங்களில் ஒன்று நம் போகலையிலும் கஹட்டகஹவிலும் கிடைக்கிறது. அதைத் தோண்டிப் பெரும்பாலும் அப்படியே கப்பலேற்றுகிறோம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ ஒரு நல்ல பற்றரி ஆய்வுகூடத்துக்குப் பணம் ஒதுக்கினால் நம் பிள்ளைகளே அதைப் பற்றரியாக்குவார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, எதை வாங்குவது? விஏயை விடுங்கள், வாற்றைப் பாருங்கள். விளையாடும்போது கம்பியூட்டரும் மொனிற்றரும் சேர்ந்து 330 வாற்று இழுத்தால் 500, 600 வாற்று தரும் யூபிஎஸ் வேண்டும். பியூர் சைன் வேவ் என்று எழுதியிருக்க வேண்டும். லைன் இன்ரரக்டிவ் வகையானால், மாலையில் வோல்ற்றளவு இறங்கும்போது பற்றரியைத் தொடாமலே தூக்கிக் கொடுக்கும். கிடைப்பது ஐந்து, பத்து நிமிடம்தான். கேமைச் சேமித்து ஒழுங்காக அணைக்க அது போதும். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அந்த மாதிரி மணிக்கணக்கான வெட்டுக்கு இது ஆகாது.

அக்காவின் யூபிஎஸ்ஸை எறிய வேண்டாம். ரவுட்டருக்கு மாட்டுங்கள். அது இழுப்பது பத்து, பதினைந்து வாற்று. பற்றரி நல்ல நிலையில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும், நீங்கள் போனில் வகுப்பைத் தொடரலாம்.