நாலு ஊருக்குக் கேட்கும் திருவிழா

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் தை பிறந்ததிலிருந்து ஆடி முடியும்வரை ஏதாவது ஒரு ஊரில் காப்புக் கட்டியிருப்பார்கள். மேலூர்ப் பக்கம் முளைப்பாரி என்றால் உசிலம்பட்டிப் பக்கம் மாரியம்மனுக்குப் பொங்கல். சாமி அந்தந்த ஊருக்குச் சொந்தம். பாட்டும் வேட்டும் சுற்றுப்பட்டு எல்லாவற்றுக்கும் பொது. வயலுக்கு அந்தப் பக்கம் 2 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரின் ரேடியோ செட் பகலில் ஏதோ முனகுவதாகத்தான் கேட்கும். இரவு 11 மணிக்கு அதே செட்டில் பாடல் வரி வரியாக வந்து விழும். அன்னதானத்துக்கு யார் எத்தனை மூட்டை அரிசி கொடுத்தார்கள் என்பதுவரை இங்கே படுத்துக்கொண்டே தெரிந்துகொள்ளலாம். செட்டுக்காரர் சத்தத்தைக் கூட்டவில்லை. அப்புறம் எப்படி?

ராத்திரி ஊர் அடங்கிவிடுகிறது, அதனால் கேட்கிறது என்பார்கள். தப்பில்லை. பஸ், டிராக்டர், பம்புசெட் எல்லாம் ஓய்ந்தால் சின்னச் சத்தமும் காதில் விழும். ஆனால் அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கும் காற்றில் இருக்கிறது.

ஒலியின் வேகம் காற்றின் சூட்டைப் பொறுத்தது. 0 டிகிரி செல்சியஸில் நொடிக்கு ஏறக்குறைய 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் 0.6 மீட்டர் கூடும். 30 டிகிரி உள்ள சாயங்காலத்தில் 349 மீட்டர் வருகிறது. அற்ப வித்தியாசம்தான், ஆனால் ஒலி போகும் பாதையையே வளைக்க அது போதும். பகலில் வெயில் பட்டுத் தரை கொதிக்கிறது. தரையை ஒட்டிய காற்று சூடாகவும், மேலே போகப் போகக் குளிர்ச்சியாகவும் இருக்கிறது. ஒலி அலையின் அடிப்பகுதி முந்துகிறது, மேல்பகுதி பிந்துகிறது. மாசி வீதி முனையில் தேர் திரும்புவதைப் பார்த்திருந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும்: எந்தப் பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை விழுகிறதோ அந்தப் பக்கம்தான் தேர் திரும்பும். ஒலியும் வேகம் குறைந்த பக்கம், அதாவது குளிர்ந்த பக்கம் திரும்புகிறது. பகலில் அது மேல்பக்கம். எனவே நண்பகலில் போடும் பாட்டு கொஞ்ச தூரத்திலேயே தரையைவிட்டு எழும்பி, பக்கத்து ஊர்க்காரர்களின் தலைக்கு மேலே போய்விடுகிறது.

சூரியன் இறங்கியதும் எல்லாம் மாறுகிறது. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு வேகமாகக் குளிர்கிறது. அதைத் தொடும் காற்றும் குளிர்கிறது. மேலே இருக்கும் காற்றில் பகல் சூடு இன்னும் மிச்சம் இருக்கும். கீழே குளிர்ச்சி, மேலே சூடு என்கிற இந்த நிலைக்கு வெப்பத் தலைகீழ் மாற்றம் என்று பெயர். இப்போது ஒலி கீழ்நோக்கி வளைகிறது. மேலே போக வேண்டிய சத்தம்கூடத் தரைக்குத் திரும்புகிறது, பட்டு எழும்புகிறது, மறுபடி வளைந்து இறங்குகிறது. இப்படியே வயல், கண்மாய் எல்லாம் தாண்டி வந்துவிடும்.

காற்று வீசும் திசையும் கணக்கில் உண்டு. காற்று பாட்டை அள்ளிக்கொண்டு வருவதாகத்தான் நமக்குத் தோன்றும். நொடிக்கு 350 மீட்டர் ஓடும் ஒலிக்கு, நொடிக்கு 5 மீட்டர் வீசும் காற்று என்ன பெரிய துணை? விஷயம் வேறு. தரையோடு உரசுவதால் கீழே காற்று மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் வீசுகிறது. காற்றோடு சேர்ந்து போகும் ஒலிக்கு மேல்பகுதி முந்துவதால் அது கீழே வளைகிறது. எதிர்க்காற்றில் போகும் ஒலி மேலே வளைந்து தொலைகிறது. கோயிலுக்குக் கிழக்கே உள்ள ஊருக்குக் கேட்பது மேற்கே உள்ள ஊருக்குக் கேட்காமல் போவது இதனால்தான்.

கூம்பு ஒலிபெருக்கிக்கும் இதில் பங்குண்டு. உள்ளே இருக்கும் சவ்வு சிறியது. அது நேரடியாக வெளிக்காற்றைத் தள்ளினால் ஆற்றலில் பெரும்பகுதி வீணாகும். கொஞ்சம் கொஞ்சமாக விரியும் கூம்பு அந்த அசைவை வெளிக்காற்றுக்குப் பக்குவமாகக் கைமாற்றிவிட்டு, ஒரே திசையில் குவிக்கவும் செய்கிறது. அடித்தொனி சுத்தமாக வராது. பேச்சு புரிவதற்கு வேண்டிய நடுத்தர அதிர்வெண்கள் நன்றாக வரும். இசைக்கு அதைவிட மோசமான கருவி கிடையாது என்பது என் கருத்து, அறிவிப்புக்கு அதைவிட நல்லதும் கிடையாது. ஒலி மாசு விதிகள் (2000) இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. பண்டிகைகளுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்திக்கொள்ளலாம். காற்று ஒலியைத் தரையோடு தரையாக நடத்திக்கொண்டு போகும் நேரமும் அதே நேரம்தான்.

மேளத்தின் கதை வேறு. காற்று எல்லா ஒலியையும் ஒரே மாதிரி விழுங்குவதில்லை. நொடிக்கு 4000 தடவை அதிரும் கீச்சு ஒலி, தூரத்தால் வழக்கமாகக் குறைவது போக, ஒரு கிலோமீட்டருக்கு 20 டெசிபெலுக்கு மேல் காற்றிடம் இழக்கிறது. 125 தடவை அதிரும் அடித்தொனிக்கு அந்த இழப்பு 1 டெசிபெல்கூட வராது. அதனால்தான் நையாண்டி மேளம் தூரத்தில் வரும்போது தவிலின் தொப்பிப் பக்கமும், வளைந்த குச்சியால் தேய்க்கும் உறுமியின் முனகலும் முதலில் எட்டுகின்றன. சலங்கைச் சத்தம் பக்கத்தில் வந்தால்தான் உண்டு.

வேட்டுக்கும் இதே விதிதான். பக்கத்தில் நின்றால் ‘டப்’பென்று காதைக் கிழிப்பது, 2 கிலோமீட்டர் தள்ளி ‘டொம்’மென்று நெஞ்சில் இறங்குகிறது. கூரான பகுதியைக் காற்று தின்றுவிட, கனமான பகுதி மட்டும் வந்து சேருகிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபெலைத் தாண்டும் வெடிகளைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று சட்டம் இருக்கிறது. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். 4, 8, 16 என்று எட்டு முறை இரட்டித்தால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும், 48 டெசிபெல் போய் 77 மிஞ்சும். வீட்டுக்குள் சாதாரணப் பேச்சே 60 டெசிபெல் பக்கம்தான், அதனால் 77 ஒன்றும் குறைச்சல் இல்லை. ஒத்தக்கடைப் பக்கம் யானைமலைப் பாறையில் மோதித் திரும்பும் எதிரொலியும் சேர்ந்துகொண்டால், ஒரு வேட்டுக்கு இரண்டு கேட்கும். பாறை ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் இரண்டாவது சத்தம் 6 நொடிக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்ளும்.

சரி, வாணத்துக்கு வருவோம். கடைசி நாள் சாமி புறப்பாட்டுக்கு விடும் பெரிய வாணம் பெரும்பாலும் சிவகாசியில் உருவானது. மதுரையிலிருந்து 70 கிலோமீட்டர் சொச்சம். மழை குறைந்த, வறண்ட அந்தப் பூமி மருந்து காயவைப்பதற்கு வசதி. உருண்டை ஒன்றைக் குழாய்க்குள் இறக்கித் திரியைப் பற்றவைப்பார்கள். அடியில் இருக்கும் கருமருந்து (75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரித்தூள், 10 பங்கு கந்தகம்) வெடித்து அதை மேலே தள்ளும். 4 அங்குல உருண்டை ஏறக்குறைய 120 மீட்டர் ஏறும். ஏறும்போதே உள்ளே இன்னொரு திரி நிதானமாக எரிந்துகொண்டிருக்கும். மூன்று நான்கு நொடியில் அது நடுவே உள்ள மருந்தைத் தொட, சுற்றி அடுக்கியிருக்கும் மணி மருந்து எல்லாப் பக்கமும் சிதறும். பூ விரிந்ததாக நாம் பார்ப்பது எரிகிற அந்த மணிகளைத்தான்.

எல்லா மணிகளும் ஒரே வேகத்தில் எல்லாத் திசையிலும் பறக்கின்றன. பூமி எல்லாவற்றையும் ஒரே அளவில் கீழே இழுக்கிறது. எனவே உருண்டை உருண்டையாகவே இருந்தபடி மொத்தமாக இறங்குகிறது. நான்கு ஊரிலிருந்து பார்த்தாலும் அதே வட்டம் தெரிவதற்கு இதுதான் காரணம். இதயம், நட்சத்திரம் என்று வடிவம் காட்டும் ரகங்களில் மணிகளைத் தட்டையாக அடுக்கியிருப்பார்கள். நேரே நிற்பவருக்கு இதயம், பக்கவாட்டு ஊர்க்காரருக்கு வெறும் கோடு.

நிறங்களைத் தருவது உலோக உப்புகள். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், மஞ்சளுக்குச் சோடியம், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குத் தாமிரம். சூட்டில் இவற்றின் எலக்ட்ரான்கள் மேல்நிலைக்கு ஏறி, இறங்கும்போது தமக்குரிய நிறத்தில் ஒளியை விடுகின்றன. வெள்ளியும் பொன்னும் வேறு வழி. அலுமினியம், இரும்பு, கரி ஆகியவற்றின் துகள்கள் பழுக்கக் காய்ந்து ஒளிர்கின்றன, அவ்வளவுதான். இந்தக் கூட்டத்தில் நீலம்தான் தொந்தரவு பிடித்தது. நல்ல நீலத்தைத் தருவது தாமிரமும் குளோரினும் சேர்ந்த ஒரு மூலக்கூறு. சுடரின் சூடு கூடினால் அது உடைந்துவிடும். சூட்டைக் குறைத்தாலோ ஒளி மங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய இடம்தான் தயாரிப்பவருக்குக் கிடைக்கிறது. வந்த கொஞ்ச நீலத்தையும், சிவப்பைவிட அதிகமாகப் புகை சிதறடிக்கிறது. பக்கத்து ஊர்வரை போய்ச் சேருவது சிவப்பும் பொன்னும்தான். பேரியம் உப்புகளுக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தத் தடை பச்சையை மட்டும் தொடவில்லை. கம்பி மத்தாப்பிலும் புஸ்வாணத்திலும் எரிவதற்கு ஆக்சிஜன் கொடுத்து வந்ததும் பேரியம் நைட்ரேட்தான்.

வாணம் எவ்வளவு தள்ளி என்று தெரிய மொட்டைமாடியிலிருந்தே கணக்குப் போடலாம். பூ விரிந்ததும் நொடிகளை எண்ணுங்கள். மூன்று நொடிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் புகை. கருமருந்து எரிந்து உண்டாகும் பொருளில் எடைக்குப் பாதிக்கு மேல் வாயுவே இல்லை. பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட் போன்ற திண்மத் துகள்கள். வெடி வாசனை என்று நாம் சொல்வதில் கந்தகச் சேர்மங்களின் பங்கு பெரிது. பகலாக இருந்தால் சூடான தரைக்காற்று மேலே எழும்பும்போது புகையையும் கூட்டிக்கொண்டு போய்க் கலைத்துவிடும். இரவில் கீழே இருக்கும் குளிர்காற்று கனமானது, அது எழும்பாது. பாட்டை நமக்குக் கொண்டுவந்து சேர்த்த அதே தலைகீழ் அடுக்கு, புகையையும் தரையோடு பிடித்துவைக்கிறது. திடலைச் சுற்றிப் போட்டிருக்கும் கடைகளின் எண்ணெய்ப் பலகார வாசனை, கெடா வெட்டிய வீடுகளின் குழம்பு வாசனை எல்லாம் அதே அடுக்கில்தான் மெல்ல நகர்கின்றன. நல்ல வாசனைக்கும் கெட்ட புகைக்கும் அது பேதம் பார்ப்பதில்லை.

மதுரையிலிருந்து திருப்பத்தூர் போகும் வழியில், சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியிலும் வேட்டங்குடிப்பட்டியிலும் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாய் மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்காக ஊரே கூடி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. பறவைக்கு 77 டெசிபெலும் அதிகம் என்பதை அவர்கள் எந்தக் கருவியும் இல்லாமல் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

விழாக் கமிட்டிக்காரர்களுக்கு இந்தக் கணக்கிலிருந்து ஒரு யோசனை கிடைக்கும். குளிர்ந்த அடுக்கு முன்னிரவில் சில பத்து மீட்டர் உயரம்தான் இருக்கும், நேரம் ஆக ஆகத் தடிக்கும். 120 மீட்டரில் வெடிக்கும் வாணத்தை இரவு 7:30-க்கே விட்டால் அதன் புகை அடுக்குக்கு மேலேயே நின்று, அங்குள்ள காற்றோடு போய்விட வாய்ப்பு அதிகம். நள்ளிரவில் விட்டால் அந்த வாய்ப்பு குறைகிறது. சரவெடிக்கும் புஸ்வாணத்துக்கும் இந்தச் சலுகை எந்த நேரத்திலும் கிடையாது, அவை தரையிலேயே புகைகின்றன. ஆனால் கரகம் எடுத்து சாமி புறப்பட 12 மணி ஆகிறதே, அதற்கு முன்னால் யார் வாணம் விடச் சம்மதிப்பார்கள்?