நூலைப் பறிமுதல் செய்யும் அரசாணையும் அதை எதிர்க்கும் உரிமையும்

ஒரு நூல் தடை செய்யப்பட்டதாகச் செய்தி வரும்போது பெரும்பாலும் நடந்திருப்பது, அதன் பிரதிகள் அனைத்தும் பறிமுதலுக்கு உரியவை என்று மாநில அரசு அறிவித்திருப்பதுதான். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95-ஆம் பிரிவில் இருந்த இந்த அதிகாரம், 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டத்தின் 98-ஆம் பிரிவில் உள்ளது. 2025 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீர் நிர்வாகம் 25 நூல்களைப் பறிமுதலுக்கு உரியவை என அறிவித்ததும் இப்பிரிவின்கீழ்தான்.

நாட்டின் இறையாண்மைக்கு ஊறு விளைவித்தல், பிரிவினரிடையே பகை வளர்த்தல், ஆபாசம், மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துதல் என அப்பிரிவு சுட்டும் குற்றங்களுள் ஒன்றுக்கு உரிய செய்தி நூலில் இருப்பதாக அரசுக்குத் தோன்ற வேண்டும். ஆனால் அப்படித் தோன்றினால் மட்டும் போதாது. எந்தக் காரணங்களால் அப்படிக் கருதுகிறது என்பதையும் அறிவிக்கையிலேயே சொல்லியாக வேண்டும். பலரும் கவனிக்காமல் விடுவதும், நீதிமன்றத்தில் பல தடைகள் உடைந்துபோவதும் இந்த இடத்தில்தான்.

பெரியாரின் இராமாயண நூலுடைய இந்திப் பதிப்பான ‘சச்சி ராமாயண்’ இதற்குத் தக்க சான்று. அந்நூலின் ஆங்கில, இந்திப் பதிப்புகளை உத்தரப் பிரதேச அரசு 1969-இல் பறிமுதலுக்கு உள்ளாக்க, வெளியீட்டாளர் லலாய் சிங் யாதவ் அலகாபாத் உயர் நீதிமன்றத்தை நாடி வென்றார். அரசு செய்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 1976-இல், அதுவும் நெருக்கடி நிலை நடப்பில் இருந்தபோதே, தள்ளுபடி செய்தது; தன் கருத்துக்கான காரணங்களை அரசு ஆணையில் கூறவில்லை என்பதே அதன் அடிப்படை. சட்டப்பிரிவின் சொற்களை அப்படியே எடுத்து எழுதிவிடுவது காரணம் ஆகாது என்பதையும், அறிவிக்கையில் கூறிய காரணங்களுக்கு அப்பால் நீதிமன்றம் செல்லாது என்பதையும் மராட்டிய மன்னர் சிவாஜி குறித்த நூல் பற்றிய 2010-ஆம் ஆண்டு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

எதிர்க்க விரும்புவோருக்கு அதே சட்டத்தின் 99-ஆம் பிரிவு வழி தருகிறது. எழுத்தாளர், பதிப்பாளர் என்றில்லாமல், அந்நூலில் நலன் உள்ள எவரும் அரசிதழில் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு அதை விசாரிக்கும். அரசின் கருத்து தவறு என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. ஆகவே ஆட்சேபத்துக்குரியதாகச் சொல்லப்படும் பத்திகளை மட்டும் வாதிடாமல், நூலை முழுமையாக வைத்து வாதிடுவது அவசியம்.

வெளிநாட்டிலிருந்து வரும் நூல்களுக்கான தடை வேறு. அது சுங்கச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்கீழ் ஒன்றிய அரசு விதிக்கும் இறக்குமதித் தடை; அதை எதிர்க்க, அரசின் செயலுக்கு எதிராக நீதிமன்றத்தில் நேரடியாகத் தொடுக்கும் ரிட் மனுவே வழி. சல்மான் ருஷ்டியின் நாவலுக்கு 1988-இல் விதித்த இத்தகைய தடையின் அறிவிக்கையை அதிகாரிகளால் கடைசிவரை காட்ட இயலாததால், அப்படி ஒன்று இல்லை என்றே கருத வேண்டியிருக்கிறது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2024 நவம்பரில் கூறியது.

இவை எதுவும் இல்லாமலே ஒரு நூல் கடைகளிலிருந்து மறைந்துவிடுவதும் உண்டு. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்புக் குறித்து 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த அமைதிப் பேச்சுவார்த்தையில், அவர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டு நூலைத் திரும்பப் பெறுவதாக எழுதிக்கொடுக்க நேர்ந்தது. அந்த உடன்பாடு அவரைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் தீர்ப்பளித்தது. பறிமுதல் செய்யும் அதிகாரத்தை 98-ஆம் பிரிவு மாநில அரசுக்குத்தான் தந்திருக்கிறதே தவிர, பேச்சுவார்த்தை நடத்தும் அலுவலருக்கோ காவல் நிலையத்துக்கோ தரவில்லை.