ஹெட்செட்டுக்குள் மூன்று சுழி ‘ண’ தெரியுமா?

கண் பரிசோதனைக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர் இப்போது புதிதாக ஒன்று கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மாமா வி.ஆர். ஹெட்செட் (கண்ணை மூடி மாட்டினால் உள்ளே முப்பரிமாணக் காட்சி காட்டும் கருவி) வாங்கிக் கொடுத்திருப்பார், அல்லது பள்ளியில் அதை மாட்டிப் பாடம் நடத்தப் போவதாகச் சுற்றறிக்கை வந்திருக்கும். “இனிமே புத்தகம் எல்லாம் இதுலதான்னு சொல்றாங்களே, கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதா?”

பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கும் ஆப்டோமெட்ரிஸ்டாக என் பதில் இது: பார்ப்பதற்கு அது அருமையான கருவி, படிப்பதற்கு இன்னும் தயாராகவில்லை. கண் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் காரணம் தானாகவே புரியும்.

நாங்கள் 6/6 என்று எழுதிக் கொடுக்கிறோமே, அந்தப் பார்வை உள்ள கண் ஒரு டிகிரி கோணத்துக்குள் சுமார் 60 புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கும். நல்ல போனை ஒரு அடி தூரத்தில் பிடித்தால் அதன் திரை டிகிரிக்கு 80 புள்ளிகளைத் தாண்டும். அதனால்தான் போனில் எழுத்து அச்சடித்த மாதிரி தெரிகிறது. 2023-இல் வந்த மெட்டா குவெஸ்ட் 3-இல் டிகிரிக்கு 25 புள்ளிகள்தான். எங்கள் சார்ட் கணக்கில் சொன்னால், 6/6 பார்வை உள்ளவரையும் அது 6/12-க்குக் (மற்றவர்கள் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிகிற பார்வைக்கு) கீழே இறக்கிவிடுகிறது. 2024-இல் 3499 டாலருக்கு வந்த ஆப்பிள் விஷன் புரோவைப் பிரித்து அளந்தவர்கள்கூட சுமார் 34 என்றுதான் கணக்கிட்டிருக்கிறார்கள்.

சினிமாக் காட்சிக்கோ கடலடிப் பவளப்பாறைக்கோ இது போதும். தமிழ்ப் பக்கத்துக்குப் போதாது. ரெண்டு சுழி ‘ன’வுக்கும் மூணு சுழி ‘ண’வுக்கும் நடுவே இருப்பது ஒரு சிறு வளைவு. ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பிரிப்பதும் ஒரு சுழிதான், அது மங்கினால் கொடி கோடியாகிவிடும். மெய்யெழுத்தின் மேல் இருக்கும் புள்ளி எல்லாவற்றையும் விடச் சின்னது. நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் முன்பின் சொற்களை வைத்து ஊகித்துக்கொண்டு போய்விடுவோம். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் இரண்டாம் வகுப்புக் குழந்தையால் அது முடியாது.

எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். ஆக்கலாம். ஆனால் படிக்கும்போது நம் கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் கால் விநாடி நிற்கும், அடுத்த இடத்துக்குத் தாவும், மறுபடி நிற்கும். ஹெட்செட்டின் லென்ஸ் நடுவில்தான் மிகக் கூர்மை, ஓரம் போகப் போகக் கலங்கும். எழுத்தையும் பெரிதாக்கி வரி அகலமாகிவிட்டால், கண் சட்டென்று தாவிப் பார்க்க வேண்டியதைக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். அதுவும் முகத்தில் அரைக் கிலோ கனத்தோடு.

அடுத்தது இரண்டு கண்ணும் சேர்ந்து செய்யும் வேலை. பக்கத்தில் ஒரு பொருளைப் பார்க்கும்போது இரு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன, அதே நேரத்தில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் ஃபோகஸ் மாற்றுகிறது. ஒரே நுகத்தில் பூட்டிய இரட்டை மாடுகள் மாதிரி இந்த இரண்டும் குழந்தைப் பருவத்திலிருந்தே சேர்ந்து போய்ப் பழகியவை. ஹெட்செட்டுக்குள் இந்த ஒற்றுமை குலைகிறது. திரை கண்ணுக்கு மிக அருகில் இருந்தாலும், லென்ஸ் அதை ஒன்றே கால் முதல் இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பதாகக் காட்டுகிறது. ஃபோகஸ் அங்கேயே நிற்கும். அப்போது மாயப் புத்தகம் ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் விரித்தால், கண்கள் ஒரு அடிக்குத் திரும்பவும் ஃபோகஸ் ஒன்றேகால் மீட்டரில் நிற்கவும் வேண்டியிருக்கும். அரை மணி நேரத்தில் புருவத்துக்கு நடுவில் வலி பிடிப்பது இதனால்தான். அதில் படித்தே ஆக வேண்டும் என்றால் பக்கத்தை ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, சுவரில் மாட்டிய திரை போலப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள். இமைப்பதற்கும் மறக்காதீர்கள்.

இந்த ‘தூரம்’ எங்கள் அறையில் விசித்திரமான கேள்விகளைக் கொண்டு வருகிறது. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டிருக்கும் ஒரு பெரியவர் கேட்டார்: “மேடம், பையனோட ஹெட்செட்டை மாட்டினா கண்ணாடி இல்லாமலே எழுத்து தெரியுது. பவர் குறைஞ்சிடுச்சா?” பவர் அப்படியேதான் இருந்தது. தூரப் பார்வை அவருக்கு நன்றாக இருக்கிறது, ஹெட்செட் காட்டுவதும் தூரம், அவ்வளவுதான். கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளுக்கு இது நேர்மாறு. “கண்ணுக்குப் பக்கத்துலதானே இருக்கு, எதுக்குக் கண்ணாடி?” என்று கழற்றி வைத்துவிட்டு மாட்டுகிறார்கள். மைனஸ் 3 பவர் உள்ள கண்ணுக்கு ஒரு அடிக்கு அப்பால் எல்லாம் மங்கல்தான். கண்ணாடியோடுதான் மாட்ட வேண்டும், அல்லது அதற்கென்று பவர் லென்ஸ் செய்து பொருத்த வேண்டும்.

நான் மிகவும் கவனிக்கச் சொல்வது வேறொன்று. வீட்டில் எல்லோரும் “ஆகா, கிட்ட வருது” என்று கையை நீட்டும்போது ஒரு குழந்தை மட்டும் சும்மா இருக்கிறதா? இரட்டையாகத் தெரிகிறது, தலை வலிக்கிறது என்கிறதா? அதைத் திட்டாமல் கண் பரிசோதனைக்குக் கூட்டி வாருங்கள். எங்களிடம் ஒரு ஈயின் படம் உண்டு. போலராய்டு கண்ணாடி போட்டுப் பார்த்தால் அதன் இறக்கை தாளுக்கு மேலே எழும்பி நிற்கும். இறக்கையைப் பிடி என்றால், பெரும்பாலான குழந்தைகளின் விரல் காற்றில் மூடும். இரு கண்ணும் ஒத்துழைக்காத குழந்தையின் விரலோ நேராகத் தாளில் போய் இடிக்கும். அப்படிச் சில குழந்தைகளுக்கு ஒரு கண் சோம்பேறிக் கண் (பார்வை சரியாக வளராத கண்) என்பதே அதுவரை யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு கண் நன்றாக இருந்தால் பள்ளிக்கூடத்தில் எல்லாம் சமாளித்துவிடலாம் அல்லவா?

வயது விஷயத்தில் தயாரிப்பாளர்களே எல்லை வைத்திருக்கிறார்கள். ஆப்பிள் 13, பிளேஸ்டேஷன் வி.ஆர். 2-க்கு 12. மெட்டா 13 என்று வைத்திருந்ததை 2023-இல், பெற்றோர் கட்டுப்பாட்டில் இருக்கும் கணக்குக்கு 10 எனக் குறைத்தது. சின்னக் குழந்தைகளுக்கு இரு கருவிழிகளுக்கும் உள்ள இடைவெளி குறைவு. பெரியவர்களின் சராசரியான 63 மில்லிமீட்டரை ஒட்டிச் செய்த கருவி அவர்களுக்குப் பொருந்தாது. வலிப்பு வந்த குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் மாட்டவே வேண்டாம்.

இவ்வளவு சொன்னதால் நான் இதற்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். என் துறையில் இது செய்திருக்கும் நல்லதைப் பார்த்தால் மனம் நிறைகிறது. 4 முதல் 7 வயதுக் குழந்தைகளின் சோம்பேறிக் கண்ணுக்கு ஹெட்செட் வழியாகச் சிகிச்சை தரும் லூமினோபியாவுக்கு, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அனுமதிக்கும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2021 அக்டோபரில் அனுமதி தந்தது. குழந்தை வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் பிடித்த நிகழ்ச்சியைப் பார்க்கும். நல்ல கண்ணுக்குப் போகும் படத்தை மங்கலாக்கி, சோம்பேறிக் கண்ணையும் வேலை வாங்குவார்கள். (விளையாட்டு ஹெட்செட்டை மாட்டிவிட்டு, நல்ல கண்ணை மூட டாக்டர் ஒட்டச் சொன்ன பேட்ச்சை நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் ஒன்றில்லை.) கண் நீர் அழுத்த நோய்க்கான பார்வைப்புலச் சோதனையும் (நேரே பார்த்தபடியே சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று அளப்பது) ஹெட்செட்டுக்குள் வந்துவிட்டது. பெரிய மெஷினில் தாடையை வைத்து அசையாமல் உட்கார முடியாத முதியவர்கள் நாற்காலியில் சாய்ந்தபடியே செய்துகொள்ளலாம். கண்புரை அறுவை பழகும் டாக்டர்கள் பலர் ஐசி என்ற சிமுலேட்டரில் கைப்பழக்கம் பெற்ற பிறகு நோயாளியின் கண்ணைத் தொடுகிறார்கள்.

பள்ளியில் வி.ஆர். வகுப்பு என்று கடிதம் வந்தால், ஒரு அமர்வு எத்தனை நிமிடம், கண்ணாடி போட்ட பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். இதயத்தின் அறைகளையோ எரிமலையின் உள்ளேயோ அதில் காட்டட்டும். பாடத்தைத் தாளிலேயே படிக்கட்டும். விளையாட்டு பீரியடில் கை வைக்காமல் இருந்தால் சரி. வெயிலில் 10,000 லக்ஸுக்கு (வெளிச்சத்தின் அளவு) மேல் கிடைக்கும் வெளிச்சம் வகுப்பறைக்குள் சில நூறுதான், கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போட நாங்கள் நம்பியிருப்பது அந்த வெளிச்சத்தைத்தான்.

வீட்டில் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், அடுத்த பரிசோதனைக்கு வரும்போது அந்த ஹெட்செட்டையும் கையோடு எடுத்து வாருங்கள். கருவிழி இடைவெளியை அளந்து அதில் சரியாக வைத்துக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.