ஓதம்: ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா?

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் மதுரை வீடுகளில் ஓதம் ஏறத் தொடங்கும். பீரோவை நகர்த்தினால் பின்சுவரில் கரும்புள்ளிகள். மெத்தையைத் தூக்கினால் ஈர வாடை. மடித்து வைத்த பட்டுச்சேலையில் வெள்ளையாகப் பூசணம். வீட்டுக்காரரிடம் சொன்னால், "ஜன்னலைத் திறந்து வைங்க, காத்து வரட்டும்" என்பார். பக்கத்து வீட்டு அக்கா, "மழைக்காத்து உள்ள வராம சாத்தி வைங்க" என்பார். இருவர் சொல்வதும் சரியாகும் நேரம் உண்டு, தப்பாகும் நேரமும் உண்டு. எப்போது எது சரி என்று தெரிய, காற்றில் இருக்கும் நீராவி எந்த இடத்தில் நீராக மாறும் என்பதைப் புரிந்துகொண்டால் போதும்.

காற்று எவ்வளவு நீராவியைச் சுமக்கும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. ஒரு கன மீட்டர் காற்று 10 டிகிரி செல்சியஸில் அதிகபட்சம் சுமார் 9.4 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17.3 கிராம். 30 டிகிரியில் 30.4 கிராம். வெப்பம் ஏற ஏற இந்த அளவு வேகமாகக் கூடுகிறது. இறங்கும்போது அதே வேகத்தில் குறைகிறது. நீராவி நிறைந்த காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அதனால் தாங்க முடியாத மிச்சம் நீர்த்துளியாக வெளியே வரும். அந்த வெப்பநிலைதான் பனிநிலை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த பாட்டிலின் வெளிப்புறம் வேர்ப்பது இதனால்தான். பாட்டிலின் மேற்பரப்பு, சுற்றியுள்ள காற்றின் பனிநிலையைவிடக் குளிராக இருக்கிறது.

செய்தியில் சொல்லும் "ஈரப்பதம் 85 சதவீதம்" என்பது ஒப்பு ஈரப்பதம். அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடியதில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். எத்தனை கிராம் நீராவி இருக்கிறது என்பதை அது தனியாகச் சொல்லாது. ஓதத்தைப் பற்றிய குழப்பங்களில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

இந்தக் கணக்கோடு தினமும் வாழ்பவர்கள் இங்கிலாந்தின் கால்வாய்களில் படகையே வீடாக்கிக்கொண்டவர்கள். அங்கே பல கால்வாய்களின் மதகு வழிகள் சுமார் 7 அடி அகலம்தான் என்பதால் படகு அதைவிடவும் குறுகல். அந்த இடத்துக்குள் சமையல், குளியல், படுக்கை எல்லாம். உடல் முழுவதும் இரும்பு, கீழே குளிர்ந்த நீர். குளிர்காலத்தில் உள்ளே மூச்சு விடுவதெல்லாம் ஜன்னல் சட்டத்திலும் மெத்தையின் அடியிலும் நீராக நிற்கும். இரும்புக்கு உட்புறம் பாலியுரேத்தேன் நுரையைப் பூசி, உட்சுவரின் மேற்பரப்பு குளிராமல் பார்த்துக்கொள்கிறார்கள். நுரை படாமல் ஓர் இரும்புச் சட்டம் விடுபட்டால் தண்ணீர் சரியாக அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கும். மெத்தையைத் தட்டையான பலகை மேல் போடாமல், சட்டங்களை இடைவெளி விட்டு அடித்து அதன் மேல் போடுகிறார்கள். காற்றுத் துவாரங்களை எந்தக் குளிரிலும் அடைப்பதில்லை, அடைக்கவும் கூடாது. விறகோ எரிவாயுவோ எரியும் மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் முதல் யோசனை, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை என்பது. வெளியே 5 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேட்டால் ஈரக்காற்றாகத் தெரிகிறது. ஆனால் அந்தக் காற்றில் இருப்பது ஒரு கன மீட்டருக்கு சுமார் 6 கிராம் நீராவி மட்டுமே. அது உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஒப்பு ஈரப்பதம் 35 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதாவது, மழை தூறும் குளிர்கால நாளில்கூட வெளிக்காற்று அவர்களுக்குக் காய்ந்த காற்று.

இப்போது மதுரைக்கு வருவோம். ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை. வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். ஒரு கன மீட்டரில் 23 கிராம் நீராவி இருக்கும். இரவு முழுக்க ஏசி ஓடி, சுவரும் கண்ணாடியும் மெத்தையும் 24 டிகிரிக்கு வந்திருக்கின்றன. 24 டிகிரியில் காற்று தாங்குவது 21.8 கிராம்தான். எழுந்தவுடன் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்தால், உள்ளே நுழையும் காற்றில் ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஒரு கிராமுக்கு மேல் மிச்சமாகும். அது குளிர்ந்த பரப்புகளில் படியும். படகில் ஈரத்தை வெளியேற்றிய அதே செயல் இங்கே ஈரத்தை உள்ளே கொண்டுவருகிறது. இயற்பியல் ஒன்றுதான். குளிர்ந்த பக்கம் எது என்பது மட்டும் மாறிவிட்டது.

இணையத்தில் ஓதத்துக்குச் சொல்லப்படும் வழிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்டவை. அவற்றை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அக்கறையோடு செய்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அந்த வழிகள் அப்படியே பொருந்தும் இடமும் நமக்கு அருகிலேயே இருக்கிறது. வத்தலக்குண்டு வழியாக மலையேறினால், 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல். தை மாத இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகும். அங்கே ஹீட்டர் போட்டுத் தூங்கும் அறை கிட்டத்தட்ட அந்தப் படகுதான். காலையில் ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும். அறைக்குள் கரி அடுப்பு மட்டும் வேண்டாம்.

வெளியிலிருந்து வருவது போக, வீட்டுக்குள் நாமே உண்டாக்கும் நீராவியும் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு பேர் ஓர் இரவு தூங்கி எழுவதற்குள் மூச்சிலும் வியர்வையிலும் சுமார் அரை லிட்டர் தண்ணீரைக் காற்றில் சேர்த்துவிடுகிறார்கள். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்றால் உள்ளே இருப்பது 28 கன மீட்டர் காற்று. 24 டிகிரியில் அது முழுமையாகத் தாங்குவதே 600 கிராம் அளவுதான். அப்புறம் சமையல் எரிவாயு. அது எரியும்போது கரியமில வாயுவோடு நீராவியும் உண்டாகும். ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது, குழம்பும் இட்லியும் விட்ட ஆவி நீங்கலாகவே, சுமார் 22 லிட்டர் தண்ணீர் அடுப்படிக் காற்றில் கலந்திருக்கும். மழைக்காலத்தில் அறைக்குள் கொடி கட்டித் துணி காயப்போட்டால், துணியில் இருந்த ஈரம் முழுதும் வீட்டுக்குள்ளேயே நிற்கும்.

பூசணம் பிடிக்கச் சுவர் சொட்டச் சொட்ட நனைய வேண்டியதில்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிப் பல நாள் நீடித்தாலே போதும். பீரோவுக்குப் பின்னால் முதலில் வருவது அதனால்தான். காற்று அசையாத இடம், சுவரும் அங்கே ஒரு டிகிரி, இரண்டு டிகிரி குறைவாக இருக்கும். ஏசி அறைக்கும் ஹாலுக்கும் நடுவே இருக்கும் சுவரையும் பாருங்கள். அறைக்குள் 18 டிகிரி வைத்தால் ஹால் பக்கத்தில் புள்ளி விழும். பெயின்டரைக் கூப்பிட்டு அடித்தாலும் அடுத்த ஐப்பசியில் திரும்ப வரும்.

எதையும் செய்வதற்கு முன்னால், வந்திருப்பது எந்த ஓதம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மொட்டைமாடி விரிசலில் இறங்கும் மழைநீர் வேறு, தரையிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரம் வேறு. தரையிலிருந்து ஏறுவது அடிப்பகுதியில்தான் பெரும்பாலும் இருக்கும். மண்ணின் உப்பையும் தூக்கிக்கொண்டு வருவதால் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும், பூச்சு பொரிந்து உதிரும். காற்றிலிருந்து படியும் நீரில் உப்பு கிடையாது. சந்தேகமாக இருந்தால் ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறது, கொத்தனார் வேலை அது. அறைப் பக்கம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து.

காற்றிலிருந்துதான் என்றால், மழைக்காலத்தில் ஏசி இல்லாத வீட்டில் பகல் 11 மணிக்கு மேல் வெயில் அடிக்கும் நேரம் பார்த்து எதிரெதிர் ஜன்னல்களைத் திறப்பது நல்லது. அந்த நேரத்தில் சுவரும் சூடாகிவிடும், அதில் நீர் படியாது. பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். சமைக்கும்போதும் குளித்த பிறகு கொஞ்ச நேரமும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். துணியை மொட்டைமாடியில் கூரை போட்ட இடத்தில் காயப்போட முடிந்தால் அதுவே பெரிய உதவி.

ஏசி ஓடும் அறையில் கதவும் ஜன்னலும் நன்றாகச் சாத்தியிருக்க வேண்டும். 25, 26 டிகிரி போதும். மழை நாளில் டிரை மோடில் ஓட்டலாம். அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏசி வாங்குவது வீண்செலவு மட்டும் இல்லை. அது சட்டென்று குளிர்வித்து கம்ப்ரசரை நிறுத்திவிடும், விசிறி மட்டும் ஓடி, உள்ளே குழாய்ச்சுருளில் படிந்த நீரைத் திரும்ப அறைக்கே ஆவியாக அனுப்பும். காலையில் ஏசியை அணைத்ததும் ஜன்னலைத் தொடாமல் சீலிங் ஃபேனைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். சுவர் வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் எதுவும் படியாது.

மாசி வீதிகளின் பக்கம் மிச்சமிருக்கும் சுண்ணாம்பு பூசிய பழைய வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் ஈரம் கூடும்போது உறிஞ்சி, காய்ந்த நேரத்தில் திரும்ப விட்டுவிடும். அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் அந்த வழி அடைபடும். பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்கள் தயவுசெய்து வெள்ளையடிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதற்கும் முன்னால் அடுப்படி உப்பு ஜாடியைப் பார்க்கலாம். சுத்தமான தூள் உப்பு சுமார் 75 சதவீத ஈரப்பதத்தில் கசியத் தொடங்கும். கல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் இன்னும் முன்பே கசிந்துவிடும். தூள் உப்பு கட்டி தட்டி நீர்த்துவிட்டது என்றால் பீரோவை நகர்த்திப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.