அறுபது நாள் கெடுவை எண்ணத் தொடங்குவது யார்?

வழக்கறிஞரான என்னிடம் ஒப்பந்தம் ஒன்றைப் படித்துப் பார்க்கும்படி கட்சிக்காரர் கொடுத்தால், எத்தனை நாள் கெடு என்பதை நான் முதலில் பார்ப்பதில்லை. அது எந்த நாளிலிருந்து ஓடுகிறது, ஓடத் தொடங்கிவிட்டது என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதையே பார்ப்பேன். அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டுப் போர் அதிகாரத் தீர்மானத்தையும் அப்படிப் படித்தால்தான் அதன் ஓட்டை தெரியும்.

போரை அறிவிக்கும் அதிகாரத்தை அந்நாட்டு அரசமைப்பு காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்துக்கும், படைகளின் தலைமையை அதிபருக்கும் கொடுத்திருக்கிறது. 1942க்குப் பிறகு காங்கிரஸ் முறைப்படி எந்தப் போரையும் அறிவித்ததில்லை. கொரியாவும் வியட்நாமும் அறிவிக்கப்படாமலேயே நடந்த போர்கள். அந்தக் கசப்பில், அதிபர் நிக்சனின் வீட்டோவையும் (ஒப்புதல் மறுப்பையும்) மீறி நிறைவேறிய இச்சட்டத்தின்படி, படைகளைச் சண்டையில் இறக்கும் அதிபர் 48 மணி நேரத்துக்குள் காங்கிரஸுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும். படைகளைப் பத்திரமாக மீட்க மட்டும் மேலும் 30 நாள் உண்டு.

ஆனால் சட்டம் கேட்கும் அறிக்கைகளில் சண்டையைப் பற்றிய வகைக்கு மட்டுமே இந்தக் கெடு பொருந்தும். ஆகவே அதிபர்கள் எந்த வகை என்று குறிப்பிடாமல், 'இச்சட்டத்தின் கீழ்' என்றும் எழுதாமல், 'இச்சட்டத்துக்கு இசைவாக' என்று எழுதி அனுப்புகிறார்கள். ஒரு சொல்லை மாற்றிக் கெடுவையே நழுவவிடும் இந்த வித்தையை எங்கள் தொழிலில் நன்கு அறிவோம். 1975இல் கம்போடியா பிடித்துவைத்த மாயகெஸ் என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை மீட்டபோது அதிபர் ஃபோர்டு உரிய பிரிவைச் சுட்டி எழுதினார்; அதற்குள் சண்டையே முடிந்திருந்தது.

'சண்டை' எது என்பதையும் சட்டம் வரையறுக்கவில்லை. 2011இல் லிபியா மீதான வான்வழித் தாக்குதலில் 60 நாள் கடந்தபோது, தரைப்படை இறங்கவில்லை, அமெரிக்கர் எவரும் சாகவில்லை, எனவே அது சட்டம் சொல்லும் சண்டையே அல்ல என்று ஒபாமா அரசு வாதிட்டது. குண்டு விழுந்த இடத்தில் இருந்தவர்களிடம் இந்த வாதம் எடுபட்டிருக்காது.

அதிபரின் கையெழுத்தே இல்லாமல், காங்கிரஸின் தீர்மானத்தால் மட்டும் படைகளைத் திரும்ப அழைக்கவும் சட்டத்தில் வழி இருந்தது. 1983இல் ஒரு குடியேற்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய முறை செல்லாது என்று தீர்ப்பளித்ததால் அதுவும் வலுவிழந்தது. ஆகவே தீர்மானம் அதிபரின் கைக்கே போக வேண்டும்: 2019இல் ஏமன் போரில் அமெரிக்கப் பங்கை நிறுத்தும் தீர்மானத்தை அதிபர் டிரம்ப் வீட்டோ செய்தார். காங்கிரஸின் மேலவையான செனட்டில் 53 பேர் வீட்டோவை எதிர்த்து நின்றும், அதை மீறத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு எட்டவில்லை.

வியட்நாம் போர்க்காலத்தில் கம்போடியா மீது அமெரிக்கா நடத்திய குண்டுவீச்சை நிறுத்தியது வேறொரு கருவி. 1973 ஆகஸ்ட் 15க்குப் பிறகு அதற்குப் பணம் கிடையாது என்று காங்கிரஸ் நிதிச் சட்டத்தில் எழுதியது. நிக்சனும் அதில் கையெழுத்திட வேண்டியதாயிற்று. குண்டுவீச்சு அதே ஆகஸ்ட் 15இல் நின்றது.