எடிட்டிங் கம்ப்யூட்டர் வாங்கும் முன் உங்கள் கேமரா ஃபைலைப் பாருங்கள்

"அண்ணே, நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டு ஒரு எடிட்டிங் சிஸ்டம் அசெம்பிள் பண்ணிக் கொடுங்க." கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "என்ன கேமரா? எந்த ஃபார்மேட்ல ஷூட் பண்றீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கல்யாண வீடியோ எடுப்பவரென்றால், காசை எதில் போடுவது என்பது இந்தப் பதிலைப் பொறுத்ததுதான்.

சோனி ஏ7 மார்க் 4, கேனான் ஆர்6 போன்ற கேமராக்களில் எச்.265 (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை), 10 பிட், 4:2:2 (இரண்டும் நிற விவரத்தை அதிகமாக வைத்துக்கொள்ளும் அளவுகள்) என்று பதிவு செய்யலாம். கலர் கரெக்‌ஷனுக்கு அருமையான ஃபைல், ஆனால் எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் போட்டால் பல கம்ப்யூட்டர்கள் திணறும். விலை உயர்ந்த ஆர்டிஎக்ஸ் 4070 கார்டிலும் இந்த வகைச் சுருக்கிய ஃபைலைப் பிரித்துக் காட்டும் வசதி கிடையாது. அதன் கம்பெனியான என்விடியா அந்த வசதியை 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்த்தது. அந்த வேலையை இன்டெல் 12ஆம் தலைமுறை ஐ5 பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சாதாரண கிராபிக்ஸ் அலட்டாமல் செய்துவிடும்.

ஏமாறும் இடமும் இதுதான். ஐ5 12400, 12400எஃப் என்று இரண்டு உண்டு. வேகம் ஒன்றுதான், எஃப் கொஞ்சம் மலிவு. ஆனால் எஃப் என்று முடிந்தால் உள் கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். கேம் ஆடுபவருக்கு அது லாபம். எடிட்டருக்கு, மிச்சம் பிடித்த அந்தக் காசு ஒவ்வொரு கல்யாணத்திலும் பிராக்ஸி (எடிட் செய்ய மட்டும் எடுக்கும் லேசான நகல் ஃபைல்) எடுக்கும் நேரமாகப் போகும். கொட்டேஷனில் அந்த ஓர் எழுத்தைக் கவனியுங்கள். இன்னொன்று: அதே 4:2:2, எச்.265க்கு முந்தைய எச்.264 முறையில் இருந்தால் இந்த 12ஆம் தலைமுறை இன்டெல்லும் கைகொடுக்காது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டு இல்லையென்றால் அதற்கு பிராக்ஸிதான் வழி, அல்லது கேமரா செட்டிங்கை மாற்ற வேண்டும்.

"4 ஜிபி கார்டு போட்டிருக்கு" என்று சொல்லி ஜிடி 730ஐ மாட்டிவிடுவது இன்னும் நடக்கிறது. 2014இல் வந்த மாடல் அது, டப்பா மட்டும் புதுசு. எச்.265 அதற்குத் தெரியவே தெரியாது. செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று வருவதில் போலியும் உண்டு, பழைய கார்டில் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்த்தால் பல போலிகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

கல்யாணப் பத்திரிகை, பிளெக்ஸ், ஆல்பம் டிசைன் மட்டும் செய்பவருக்கு கிராபிக்ஸ் கார்டே வேண்டாம் என்பது என் கட்சி. அந்தக் காசை ராமுக்கும் மானிட்டருக்கும் கொடுங்கள். குறைந்தது 16 ஜிபி, அதை இரண்டு 8 ஆகப் போட்டால் உள் கிராபிக்ஸின் வேகமும் கூடும். 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியதால் இதில் கை வைக்கத் தோன்றும். கேபினட்டின் கலர் லைட்டில் கை வையுங்கள். மலிவு லேப்டாப் பலவற்றில் திரை 45 சதவீத என்டிஎஸ்சி (திரை காட்டும் நிறங்களை அளக்கும் ஓர் அளவுகோல்) என்று இருக்கும். சாதாரணமாகப் பயன்படும் எஸ்ஆர்ஜிபி என்ற நிறத் தொகுப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அதில் தெரியும். முகூர்த்தப் புடவையின் அரக்குச் சிவப்பு திரையில் ஒன்றாகவும் பிரிண்டில் வேறாகவும் வந்து, பழி பிரஸ்காரர் தலையில் விழும். 99 சதவீத எஸ்ஆர்ஜிபி காட்டும் 24 இன்ச் ஐபிஎஸ் மானிட்டர் ஒன்றைத் தனியாக வாங்கி லேப்டாப்போடு இணைத்துக்கொள்ளலாம்.

கம்பெனிகளில் கழித்துக்கட்டிய 'ஐ7' சிஸ்டம் மலிவாகக் கிடைக்கும். எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். ஐ7 4770 என்றால் 2013ஆம் வருடத்துச் சரக்கு. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் 8ஆம் தலைமுறையாவது வேண்டும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. ஒல்லியான கேபினட் என்றால் பிற்பாடு பெரிய கார்டு போட இடமும் இருக்காது, கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் தாங்காது.

பணம் கட்டும் முன், உங்கள் கேமராவில் எடுத்த இரண்டு நிமிட கிளிப்பைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். அதை எஸ்எஸ்டியில் காப்பி செய்துவிட்டு, நீங்கள் வேலை செய்யும் மென்பொருளிலேயே ஓட்டச் சொல்லுங்கள். பென்டிரைவிலிருந்து நேராக ஓட்டினால் நல்ல சிஸ்டமும் திக்கலாம்.