தானே மூடும் கோழிக்கூண்டுக் கதவு: கடலூர்க் கரைக்கு எது சரி?

பொழுது சாய்ந்தால் கோழிகள் தாமாகவே கூண்டுக்குள் போய் அடைந்துவிடும். அதன் பிறகு கதவைச் சாத்தத்தான் ஆள் தேவை. ஒரு நாள் கல்யாண வீட்டில் நேரமாகிவிட்டால், அன்றைக்கென்று பார்த்து மரநாய் வரும். அந்தச் சாத்தும் வேலையை மோட்டாரிடம் விடுவதுதான் தானியங்கிக் கதவு. ஆனால் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் கதவுகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளுக்காக வடிவமைக்கப்பட்டவை. அங்கே கோடையில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம், குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டு. அதனால் வெளிச்சத்தைப் பார்த்துக் கதவை இயக்கும் 'ஒளி உணரி' அவர்களுக்குப் பெரிய விஷயம். கடலூர், புதுச்சேரி கணக்கு வேறு.

முதலில் கோழியின் கண். விழித்திரையில் நிறம் பிரித்தறியும் கூம்பு செல்கள் நமக்கு மூன்று வகை, கோழிக்கு நான்கு. பகலில் கூர்மையான பார்வை. மங்கலில் வேலை செய்யும் குச்சி செல்கள் குறைவு என்பதால், இருட்டிய பின் கோழிக்கு வழி தெரியாது. வெளிச்சம் குறையக் குறைய உயரமான, பழகிய இடத்தைத் தேடி ஒதுங்குகிறது. கூண்டு சாத்தியிருந்தால் முருங்கையிலோ புளியமரத்திலோ ஏறிவிடும். நாட்டுக்கோழிக்கு அது இயல்பு. ஆகவே கதவு சீக்கிரம் மூடினாலும் ஆபத்து, தாமதமாக மூடினாலும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

கடலூர் ஏறக்குறைய 12 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே சூரியன் மறையும் நேரம் நவம்பர் நடுவில் மாலை 5.40 வாக்கில், ஜூலை தொடக்கத்தில் 6.40 வாக்கில். வருஷம் முழுவதும் பார்த்தால் ஒரு மணி நேர வித்தியாசம்தான். மறைந்த பிறகு அந்தி வெளிச்சம் நிற்பதும் இருபது நிமிஷத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. எனவே சாதாரண டைமரே போதும். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் மூடும் நேரம் 6.30, மற்ற ஒன்பது மாதங்களுக்கு 7 மணி. வருஷத்துக்கு இரண்டு முறை மாற்றினால் வேலை முடிந்தது. திறக்க, காலை 6.45 எல்லா மாதத்துக்கும் சரியாக வரும். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் அதை 6.15 ஆக்கலாம்.

டைமர் வாங்கும்போது ஒன்றை மட்டும் சோதியுங்கள்: பேட்டரியைக் கழற்றி, பத்து நிமிஷம் கழித்து மாட்டினால் மணி சரியாக இருக்கிறதா? உள்ளே தனிப் பொத்தான் செல் இல்லாத மாடல்களில் கடிகாரம் 12.00-க்குத் திரும்பிவிடும். ராத்திரி மின்சாரம் போய் வந்த பிறகு அது தன் கணக்கில் எந்த நேரத்தில் கதவைத் திறக்கும் என்று சொல்ல முடியாது. கடிகாரச் சில்லுகளிலும் தரம் உண்டு. டிஎஸ்1307 வகை வருஷத்துக்குப் பத்து நிமிஷம்கூடத் தள்ளிப்போகும். வெப்பநிலைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் டிஎஸ்3231 ஒரு நிமிஷத்துக்கு மேல் பிசகாது.

ஒளி உணரி இங்கே எதில் தடுமாறுகிறது? சூரியன் மறையும் கணத்தில் திறந்த வெளியில் சுமார் 400 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். அந்தி முடியும்போது 3 லக்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். தெரு எல்இடி விளக்கின் கீழே 10 லக்ஸுக்கு மேல் சாதாரணமாகவே இருக்கும். கூண்டு அந்த வெளிச்சத்தில் இருந்தால் உணரிக்கு இருட்டே ஆகாது, கதவும் மூடாது. ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு நேர்மாறு: மாமரத்தடியில் இருக்கும் உணரிக்கு, வடகிழக்கு மழை கறுத்துக் கட்டும் மூன்று மணிக்கே பொழுது போய்விடும், மேயப்போன கோழிகள் வெளியே நிற்கும். மலிவான உணரிகள் தீபாவளி வாணத்துக்கும் மின்னலுக்கும் கதவைத் திறந்த கூத்தும் உண்டு. உணரிதான் வேண்டும் என்றால், வெளிச்சம் ஐந்து முதல் பத்து நிமிஷம் தொடர்ந்து மாறியிருந்தால் மட்டும் அசையும் மாடலாக, டைமரையும் சேர்த்துப் பார்க்கும் வகையாக எடுங்கள். 'மாலை 5.30-க்கு முன் மூடாதே, காலை 6-க்கு முன் திறக்காதே' என்று கடிவாளம் போட முடிந்தால் பெரும்பாலான கோளாறு அடிபட்டுப் போகும்.

மூன்றாவது வகை, ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் தானே சூரியக் கணக்குப் போடும் கடிகாரம். நல்லதுதான். ஆனால் சில வெளிநாட்டு மாடல்களில் நேர மண்டலத்தை முழு மணியாக மட்டுமே கொடுக்க முடியும், நம்முடையதோ ஐந்தரை. +5 என்று வைத்தால் கதவு அரை மணி முன்னதாகவே மூடும். இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது, அரை மணிக்கு 7.5. ஆகவே தீர்க்கரேகையை 79.8-க்குப் பதில் 72.3 என்று பொய்யாகக் கொடுத்து, கடிகாரத்தில் நம் மணியையே வைத்தால் கணக்கு நேராகிவிடும். கோடை நேர மாற்றம் என்று ஒரு வசதி இருந்தால் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

இனி இயந்திரம். நூலைச் சுருட்டித் தூக்கும் வகை மலிவு, எளிது. கதவு தன் எடையில் இறங்கும். நடுவில் கோழி நின்றாலும் நசுங்காது. ஆனால் கதவு எதிலாவது சிக்கி நின்றால் உருளை நிற்காமல் நூலை விட்டுக்கொண்டே போகும். நூல் தீர்ந்ததும் எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கும். மறுநாள் காலை 'திற' என்ற கட்டளைக்குக் கதவு இறங்கும். கதவு ஓடும் பள்ளத்தில் சாணமும் உமியும் அடைத்திருந்தால் இது அடிக்கடி நடக்கும்.

மோட்டார் ஒரு திருகைச் சுழற்றிக் கதவை ஏற்றி இறக்கும் திருகுத்தண்டு வகையில் அந்தத் தொல்லை இல்லை. திருகின் சரிவு குறைவு என்பதால் உராய்வே பூட்டாகிவிடும். கீழே இருந்து நாய் மூக்கை விட்டு நெம்பினாலும் ஏறாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இவ்வகைக் கதவை நேராகத் தள்ளி இழுக்கும் 12 வோல்ட் மோட்டார் தண்டுகள் (லீனியர் ஆக்சுவேட்டர்) பல 750 நியூட்டன் தள்ளுவிசையில் விற்கப்படுகின்றன. அது ஏறக்குறைய 75 கிலோ எடைக்குச் சமம். கோழி தாங்காது. தடை பட்டால் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் உயரும். அதைக் கவனித்து நின்று திரும்பும் கட்டுப்பாட்டுப் பலகை இருந்தால் மட்டும் வாங்குங்கள். வாங்கியதும் காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கதவின் கீழே படுக்க வைத்து மூடிப் பாருங்கள். பாட்டில் நசுங்கினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வாசல் அளவு, சிறுவிடைக் கோழிக்கு 25 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் போதும். பெருவிடைச் சேவல் இருந்தால் 30-க்கு 40 வையுங்கள். கதவுத் தகட்டுக்கு 2 மி.மீ. அலுமினியம் நல்லது, 35-க்கு 40 செ.மீ. தகடு முக்கால் கிலோ வரும், நூலில் தொங்கினாலும் தன் எடையில் ஒழுங்காக இறங்கும். பிளைவுட் மழைக்காலத்தில் ஊதிப் பள்ளத்தில் இறுகிவிடும். தகரம் உப்புக்காற்றுக்கு நிற்காது. தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போன்ற கடலோரத்தில் இரும்புத் திருகாணிகூடச் சீக்கிரமே செம்பழுப்பாகிப் போகும். திருகு, போல்ட் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. கதவு ஓடும் பள்ளத்துக்கு ஜன்னல் வேலை செய்யும் அலுமினியக் கடையில் கிடைக்கும் டிராக் சரியாக இருக்கும். இரண்டு பக்கமும் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். கிரீஸ் தடவக் கூடாது. உமித்தூசு ஒட்டிக் களியாகும். மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும்.

வாசற்படி உள்ளே பரப்பிய உமி மட்டத்திலிருந்து 6 முதல் 8 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், கோழி கிளறும்போது குப்பை பள்ளத்தில் விழாது. வெளிப்பக்கம் 3 செ.மீ. உயர விளிம்பு ஒன்று வைத்து, கதவு அதன் பின்னால் இறங்கும்படி செய்தால் நகத்தை விட்டு நெம்ப இடமிருக்காது. நூல் வகைக் கதவுக்கு இந்த விளிம்பு கட்டாயம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கீரி பகலில் வேட்டையாடுவது. பருந்தும் அப்படியே. எவ்வளவு நல்ல கதவும் இவற்றைத் தடுக்காது. மரநாய், காட்டுப்பூனை, தெருநாய், பெருச்சாளிக்குத்தான் அது காவல். பெருச்சாளிக்குக் கதவைவிடத் தரைதான் வழி, அதனால் தரையில் சிமென்டோ அரை அங்குலக் கம்பி வலையோ (வெல்ட் மெஷ்) இல்லாத கூண்டுக்குத் தானியங்கிக் கதவு வீண் செலவு.

பேட்டரிக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மோட்டார் 1.5 ஆம்பியர் இழுத்து, 30 விநாடி ஓடி, நாளுக்கு இரண்டு முறை வேலை செய்தால் செலவு 0.025 ஆம்பியர்-மணி மட்டுமே. மின்சாரத்தைத் தின்பது சும்மா விழித்திருக்கும் பலகை. ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையை அப்படியே வைத்தால் 50 மில்லி ஆம்பியர், நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி. பகல் முழுக்க இழுத்துப் பிடித்திருக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) என்றால் 75 மில்லி ஆம்பியர் வீதம் 12 மணி நேரத்துக்கு 0.9. யுபிஎஸ்ஸில் இருக்கும் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும். மீதியையும் உறிஞ்சினால் அதன் ஆயுள் குறையும். அந்த 3.5-ல் ஊனோ மூன்று நாள்கூடத் தாங்காது. 5 மில்லி ஆம்பியரில் தூங்கும் பலகையோ மூன்று வாரத்துக்கு மேல் ஓட்டும். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அதை வைத்து அளவு எடுங்கள். 10 வாட் சோலார் தகடு இருந்தால் மேகமூட்ட நாட்களையும் சமாளிக்கலாம். பேட்டரிப் பெட்டியை நிழலில் வையுங்கள். ஈயப் பேட்டரிக்கு வெயில் ஆகாது. கம்பிகள் பெட்டிக்குள் கீழ்ப்பக்கமாக நுழையட்டும், நுழையும் துளையைச் சிலிகானால் அடைத்துவிடுங்கள். மழைநீரைவிட எறும்பும் பல்லியும்தான் பலகையை அதிகம் கெடுக்கும். கதவு முழுதாக ஏறியதையும் இறங்கியதையும் அறிந்து மோட்டாரை நிறுத்தும் சுவிட்சும் அப்படித்தான்: திறந்த மைக்ரோ சுவிட்சில் உப்பு படியும், எறும்பு கூடு கட்டும், காந்தத்தால் இயங்கும் மூடிய ரீட் சுவிட்ச் நீடிக்கும்.

பொருத்திய முதல் வாரம் டைமரை நம்பி வெளியே போகாதீர்கள். புதுக் கூண்டென்றால் மூன்று நாலு நாள் உள்ளேயே அடைத்துப் பழக்குங்கள். பகலில் கதவைச் சில தடவை ஓட்டி அந்தச் சத்தத்துக்கும் பழக்குங்கள். மூடுவதற்கு இருபது நிமிஷம் முன்பிருந்து உள்ளே சிறிய விளக்கு எரிந்தால் தயங்கி நிற்கும் கோழியும் ஏறிவிடும். வெளியே இருப்பதைவிட உள்ளே இருட்டாக இருந்தால் கடைசிக் கோழி வாசலிலேயே நின்றுவிடும்.

கடைசியாக, கையால் திறக்கும் வழி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரின் தாழ்ந்த பகுதிகளுக்குள் வந்தது. நீர் ஏறும் நேரத்தில் பூட்டிய கூண்டு கோழிக்குச் சமாதி. திருகுத்தண்டையும் கதவையும் இணைக்கும் இடத்தில் போல்ட்டுக்குப் பதில், வெளியிலிருந்து ஒரே இழுப்பில் உருவக்கூடிய பின் ஒன்றைப் போட்டு, அதில் தடித்த நைலான் கயிறு கட்டி ஆள் உயரத்தில் தொங்கவிடுங்கள். பின்னை உருவினால் கதவைக் கையால் மேலே தள்ளிவிடலாம். மாதம் ஒருமுறை அதை உருவிப் பார்க்க வேண்டும். உப்பு பிடித்து இறுகியிருந்தால் தேவைப்படும் அன்றைக்கு வராது.